பன்னிரண்டு படம், மூன்று கார்டு

ஆஃப்செட் மெஷின் ஓடும்போது அதன் சத்தம் முதலில் காதுக்கு வராது, உள்ளங்காலுக்குத்தான் வரும். சிவகாசியில் எங்கள் வீடு மாடியில், பிரஸ் கீழே. காலை எட்டு மணிக்கு மெஷினைப் போட்டதும் சிவப்புச் சிமெண்டுத் தரை லேசாக நடுங்கத் தொடங்கும், அலமாரியில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி முனகும், மை துடைக்கிற மண்ணெண்ணெய் வாடை படியேறி வந்து இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரைப் பற்றிப் பேசினால் வெடியையும் விபத்தையும் தவிர வேறொன்றும் பேசமாட்டார்கள், கூடவே முகத்தைப் பரிதாபமாக வேறு வைத்துக்கொள்வார்கள். எனக்கு அது எப்போதும் எரிச்சலைத்தான் கொடுத்திருக்கிறது. விபத்து உண்டு, செத்தவர்களில் பலரை எங்களுக்குப் பெயர் சொல்லித் தெரியும். ஆனால் அதே ஊரில் உட்கார்ந்துதான், சொல்லிக்கொடுக்க ஒருத்தரும் இல்லாமல், மேற்கத்திய இசையின் ஒரு நுணுக்கத்தைப் பதிமூன்று வயதில் நானாகவே கண்டுபிடித்தேன். அதையும் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போங்கள்.

கீபோர்டு எனக்காக வாங்கியது அல்ல. என் அண்ணன் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து அடம்பிடித்து வாங்கியது. பத்தே நாளில் சலித்துப்போய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தப் பொட்டி" என்று அம்மா சொன்ன பிறகுதான் எனக்கு அதன்மேல் ஆசையே வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெளியே இழுத்தேன், தூசி தட்டினேன், என்னுடையது என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு சங்கடம், மெஷின் ஓடுகிற வரைக்கும் அதில் என்ன வாசித்தாலும் காதில் விழாது. மதியச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் மெஷினை நிறுத்துவார்கள். விடுமுறை நாட்களில் அந்த முக்கால் மணி நேரத்துக்காகக் காத்திருந்து, அது வந்ததும் பசியோடு வாசிப்பேன். மற்ற நேரமெல்லாம் சத்தமே இல்லாமல் கட்டைகளை அழுத்தி அழுத்திக் கண்ணாலும் விரலாலும் மட்டும் பழகினேன். அப்படிப் பழகியதால்தான் மற்றவர்கள் காதால் அறிவதை நான் படமாக அறிந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

கீபோர்டு வந்த அட்டைப்பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் கிடந்தது. அதன் கடைசிப் பக்கங்களில் 'கார்டு' படங்கள் இருந்தன. கார்டு என்றால் வேறொன்றுமில்லை, மூன்று நான்கு சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து அழுத்துகிற கூட்டு. எந்தெந்தக் கட்டையை அழுத்த வேண்டும் என்று படத்தில் புள்ளி வைத்துக் காட்டியிருப்பார்கள். சில கூட்டுகள் கேட்க மகிழ்ச்சியாக இருக்கும், சில சோகமாக இருக்கும். 'டிமினிஷ்டு செவன்த்' என்று ஒரு வகை உண்டு, அது இரண்டிலும் சேராது. டிவி சீரியலில் மாமியார் மெதுவாகத் திரும்பிப் பார்க்கும்போது திகிலாக ஒன்று வாசிப்பார்களே, பெரும்பாலும் அதுதான். இனி என்ன ஆகப்போகிறதோ என்று நம்மை அந்தரத்தில் விட்டுவிட்டு நிற்கும்.

கீபோர்டில் வெள்ளையும் கறுப்புமாகச் சேர்த்துப் பன்னிரண்டு கட்டை, அதற்குப் பிறகு அதே பன்னிரண்டுதான் மறுபடி மறுபடி வரும். ஆகவே ஒவ்வொரு கட்டையின் பெயரிலும் ஒன்றாகப் பன்னிரண்டு டிமினிஷ்டு செவன்த் புத்தகத்தில் இருந்தன. நான் வரிசையாக அழுத்திப் பார்த்தேன். முதல் மூன்றும் வேறு வேறு. நாலாவதற்கு வந்தபோது என் விரல்கள் முதலாவதற்கு அழுத்திய அதே கட்டைகளின் மேல் நின்றன. அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன், பிரஸ் வைத்திருப்பவர் பிள்ளைக்கு வேறு என்ன தோன்றும். ஐந்தாவது, இரண்டாவதைப் போலவே இருந்தது. ஆறாவது, மூன்றாவதைப் போலவே. பன்னிரண்டு பெயரையும் முடித்தபோது என் கை மூன்றே மூன்று இடத்துக்குத்தான் போய்வந்திருந்தது.

ஏன் என்று புரிய எனக்கு நாலைந்து நாள் ஆனது. புரியவைத்தது சுவரில் தொங்கிய மாதக் காலண்டர். இந்தக் கூட்டில் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே இடைவெளி எப்போதும் மூன்று கட்டைதான். ஜனவரியில் தொடங்கி மும்மூன்று மாதமாகத் தாண்டிப் பாருங்கள்: ஏப்ரல், ஜூலை, அக்டோபர், மறுபடி ஜனவரி. ஏப்ரலில் தொடங்கினாலும் அதே நாலு மாதத்தைத்தான் சுற்றி வருவீர்கள். பிப்ரவரியில் தொடங்கினால் வேறு நாலு, மார்ச்சில் தொடங்கினால் இன்னொரு நாலு, அதோடு வருஷம் தீர்ந்தது. கட்டைகளும் அப்படியே. சி, டி ஷார்ப், எஃப் ஷார்ப், ஏ என்ற நாலும் ஒரு குடும்பம். அதில் யாரைத் தலைவராக வைத்துப் பெயர் சொன்னாலும் வீட்டில் இருப்பது அந்த நாலு பேர்தான். இப்படி மூன்று குடும்பம். ஒரு குடும்பத்து ஆள் இன்னொரு குடும்பத்தில் கிடையாது, மூன்றையும் கூட்டினால் பன்னிரண்டில் ஒன்றுகூட மிச்சமும் கிடையாது. கையை அப்படியே ஒரு கட்டை நகர்த்தினால் அடுத்த குடும்பம், இன்னொன்று நகர்த்தினால் அதற்கடுத்தது, மூன்றாவது முறை நகர்த்தினால் கிளம்பிய குடும்பத்துக்கே வந்து நிற்போம். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும், வீட்டில் ஒருத்தருக்கும் சொன்னால் புரியாது.

இனி பால்பாண்டி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர் அவர்தான். ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா, வேலையில் மகா கண்டிப்பு. நான் இதைக் கண்டுபிடிப்பதற்கு முந்தைய சீசனில் எங்கள் பிரஸ்ஸில் ஒரு காலண்டர் ஓடியது. ஒரு தாள் மாறிப்போய், அதில் ஜூன் மாதம் இரண்டு தடவை வந்துவிட்டது, ஜூலையைக் காணோம். லோடு போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து ஊரில் எங்களுக்கு 'ரெண்டு ஜூன் பிரஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். டீக்கடையில் அப்பாவைப் பார்த்தால், "அண்ணாச்சி, உங்க வீட்டுல இப்ப எந்த ஜூன் நடக்குது?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அப்பா டீயைக் குடித்துவிட்டு வருவார், வீட்டுக்கு வந்து அன்று முழுக்க யாரிடமும் பேசமாட்டார். பால்பாண்டி அண்ணன் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். ஒரே படம் இரண்டு இடத்தில் வந்தால் இனி தன் கண்ணைத் தாண்டாது என்று சபதமே எடுத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தென்காசிப் பார்ட்டி வந்தார். ஆர்டர் கொடுக்கிறவரை எங்கள் ஊரில் பார்ட்டி என்றுதான் சொல்வோம், அவர் ஊர்தான் அவர் பெயர். தென்காசியில் இசைக்கருவிக் கடையும் கீபோர்டு வகுப்பும் நடத்துகிறவர். சுவரில் மாட்டுகிற மாதிரி ஒரு சார்ட் வேண்டும், எல்லாக் கார்டுக்கும் சின்னச் சின்னக் கட்டைப் படம், அதில் சிவப்புப் புள்ளி, குறுக்கே கட்டைக்கு ஒரு வரிசை, மேலிருந்து கீழாகக் கார்டு வகைக்கு ஒரு பத்தி, அவ்வளவுதான். கணக்கப்பிள்ளை ஆர்டர் சீட்டில் 'கார்டு சார்ட்' என்று எழுதிவைக்க, கட்டிங் பிரிவில் அதைக் கல்யாணக் கார்டு என்று நினைத்து ஒரு வாரம் பொன் நிற அட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பார்ட்டி கொடுத்தது பழைய ஜெராக்ஸ் ஒன்று. பால்பாண்டி அண்ணன் அதைப் பார்த்துப் புதிதாகவே வரைந்தார். படம் ஒவ்வொன்றிலும் சி முதல் பி வரை பன்னிரண்டே கட்டை. வரைந்துகொண்டே வந்தவர் கடைசிப் பத்தியில், அதாவது டிமினிஷ்டு செவன்த் பத்தியில், திடுக்கிட்டு நின்றுவிட்டார். ஒரே படம் நாலு தடவை. இன்னொரு படம் நாலு தடவை. மூன்றாவது ஒன்றும் நாலு தடவை. அவருக்கு அது ரெண்டு ஜூன் இல்லை, நாலு ஜூன்.

யாரையும் கேட்காமல் திருத்திவிட்டார். மூன்று படத்தை மட்டும் அப்படியே விட்டார், மீதி ஒன்பதிலும் படத்துக்கு ஒரே ஒரு புள்ளியை இடப்பக்கம் ஒரு கட்டை தள்ளிவைத்தார். இதில் அவர் நேர்மையைச் சொல்லியாக வேண்டும், எந்தக் கட்டையின் பெயர் மேலே போட்டிருக்கிறதோ அந்தப் புள்ளியை அவர் தொடவே இல்லை. ஒன்பதும் ஒன்றுக்கொன்று வேறாக வரும்படி பார்த்துப் பார்த்துத் தள்ளினார். புரூஃப் பஸ்ஸில் தென்காசிக்குப் போனது. பார்ட்டி 'ஓகே' என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார். ஒன்பது புள்ளி இடம் மாறியிருப்பதை அவர் பார்க்கவே இல்லை. அப்புறம் என்ன, அச்சுப் பிளேட் எடுத்து மெஷினில் ஏற்றிவிட்டார்கள்.

தீபாவளிக்கு முந்தைய மாதம், சனிக்கிழமை, பள்ளி அரை நாள். நான் படியேறும் முன் வழக்கம்போல் பிரஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தேன். மெஷினிலிருந்து தாள் தாளாகக் கட்டைப் படங்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன. எனக்கு மட்டும் தெரிந்த ரகசியத்தை யாரோ ஆயிரக்கணக்கில் அச்சடித்துத் தள்ளுவதைப் போல இருந்தது. ஓடிப்போய் ஒரு தாளை எடுத்தேன், கண் நேராகக் கடைசிப் பத்திக்குத்தான் போனது. மூன்று இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு இருந்தன. "தப்பு, தப்பு" என்று கத்தினேன். மெஷின் சத்தத்தில் ஒருத்தருக்கும் கேட்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினேன்.

"அண்ணே, இந்தப் பத்தில நாலு நாலு படம் ஒண்ணாத்தான் இருக்கணும்" என்றேன்.

பால்பாண்டி அண்ணன் சிரித்தார். "அதத்தான் பாப்பா நான் சரி பண்ணிருக்கேன். சும்மா அப்படியே ஓட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"ஒரே கார்டுக்கு நாலு பேருண்ணே. போன வாரம் ஒரே கம்பி மத்தாப்புக்கு நாலு கம்பெனி பேருல லேபிள் அடிச்சீகளே, அந்த மாதிரி."

அவர் முகம் சட்டென்று மாறியது. "அது யாவாரம் பாப்பா. இது சங்கீதம்ல? சங்கீதத்துல போய் அந்த ஏமாத்தெல்லாம் இருக்குமா?"

அப்பாவிடம் போனேன். அவர் மேஜையில் பட்டாசு லேபிள் ஆர்டர்கள் குவிந்து கிடந்தன. ஒரே ஒரு மெஷின், பின்னால் எட்டு வேலை வரிசையில் நிற்கிறது, சீசனில் ஓடுகிற மெஷினை யாருக்காகவும் அவர் நிறுத்தியதில்லை. என் தாத்தா இறந்த சேதி வந்தபோதுகூட, கையில் இருந்த ஒரு ரீம் தாளை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார் என்று சொல்வார்கள்.

"பார்ட்டி ஓகே போட்டுட்டாரு செல்வி. மேல போய்ச் சாப்புடு" என்றார் தலை நிமிராமல்.

"அவருக்கும் தெரியலப்பா. தப்பா ஓடுது, நிறுத்துங்க."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். பிரஸ்ஸில் நின்ற ஆறு பேரும் பார்த்தார்கள். பதிமூன்று வயதுப் பெண் முதலாளியிடம் மெஷினை நிறுத்து என்று சொல்கிறாள். நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. "நான் சொல்றது தப்பா இருந்தா கீபோர்ட யாருக்கு வேணும்னாலும் குடுத்துருங்க. அப்புறம் கேக்கவே மாட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்பது உறைத்தது. அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அப்பா எழுந்து போய், தன் கையாலேயே சிவப்புப் பொத்தானை அழுத்தினார். பட்டப்பகலில், சீசனில், எங்கள் பிரஸ் அமைதியானது. மாடியிலிருந்து அம்மா பயந்துபோய் எட்டிப் பார்த்தாள், யாருக்கோ கை மாட்டிக்கொண்டது என்று நினைத்துவிட்டாள்.

கீபோர்டைக் கீழே கொண்டுவந்து, தாள் அடுக்குகிற மேஜையில் வைத்தேன். அப்பா தென்காசிக்குப் போன் போட்டு, ரிசீவரைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். முதலில் நாலு பெயரைச் சொல்லிச் சொல்லி, சரியான கூட்டை நாலு தடவை வாசித்தேன். "எல்லாம் ஒண்ணு மாதிரியே கேக்குதேம்மா, வேற வேற வாசி" என்றார் பார்ட்டி. அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றேன். அடுத்து சார்ட்டில் பால்பாண்டி அண்ணன் திருத்திய படங்களை அப்படியே வாசித்தேன். அங்கேதான் எனக்கு அடி விழுந்தது. அவை நன்றாக இருந்தன. திகிலே இல்லை, ஒவ்வொன்றும் எங்கேயோ போய்ச் சேரத் தயாராக நிற்பதைப் போல, ரொம்ப இனிமையாக ஒலித்தன. மெஷின்மேன் சண்முகம் அண்ணன் தலையை ஆட்டி, "பால்பாண்டி போட்டதுதாம்ப்பா கேக்க நல்லாருக்கு" என்றார். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு கட்டை தள்ளினால் ஏன் இத்தனை இனிமை வர வேண்டும்?

அழுதுகொண்டேதான் சார்ட்டைப் பார்த்தேன், பார்த்த மாத்திரத்தில் அழுகை நின்றுவிட்டது. டிமினிஷ்டு பத்திக்கு முந்தைய பத்தி சாதாரண செவன்த், அதைத்தான் பாட்டுகளில் அடிக்கடி வாசிப்போம். எஃப் செவன்த் படத்தில் இருந்த அதே நாலு புள்ளி, கடைசிப் பத்தியில் டி ஷார்ப் வரிசையிலும் இருந்தது. டி செவன்த் படம், ஏ வரிசையில் இருந்தது. ஒன்பதையும் விரல் வைத்துத் தேடினேன். அவர் திருத்திய ஒன்பதும் பக்கத்துப் பத்தியில் ஏற்கெனவே இருக்கிற படங்கள்தான்.

"அண்ணே, இங்கன பாருங்க. நீங்க மாத்துனது எல்லாம் இந்தப் பக்கம் இருக்கு. ஒண்ணுகூடப் புதுசு இல்ல."

பால்பாண்டி அண்ணன் குனிந்து பார்த்தார். ஒன்பதையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார், சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டே போனார். ஒன்பதாவது வட்டத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தவரின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. "அப்ப நாந்தான் மறுபடியும் ரெண்டு ஜூன் அடிச்சிட்டேனா, மொதலாளி?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு ஜெயித்த சந்தோஷமே வரவில்லை, பாவமாக இருந்தது.

போனில் பார்ட்டி இன்னும் இருந்தார். அப்பா விஷயத்தைச் சொன்னார். அவர் யோசித்துவிட்டுச் சொன்னது, ரிசீவரைத் தாண்டி எங்களுக்கும் கேட்டது. "அண்ணாச்சி, அப்படியே ஓட்டிருங்க. நாலு நாலு படம் ஒண்ணா இருந்தா வாங்குறவன் பிரிண்டிங் மிஸ்டேக்கும்பான். பாக்க வேற வேறயா இருக்கு, கேக்கவும் நல்லாருக்கு, எவன் போய்ச் சரி பாக்கப்போறான்?"

வியாபாரத்தில் அவர் சொன்னது ஒன்றும் புதிதில்லை. பார்ட்டி கேட்பதை அடித்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில், கேள்வி கேட்பது இல்லை. அப்பா என்னைப் பார்த்தார், பால்பாண்டி அண்ணனைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். எனக்கு அந்த நேரம் கீபோர்டின் நினைவே போய்விட்டது. இவ்வளவு தூரம் வந்து, தப்பு என்று இத்தனை பேருக்கும் தெரிந்த பிறகு, மறுபடி அந்தப் பொத்தானை அழுத்தி அதையே ஓடவிட்டுவிடுவாரோ என்றுதான் பதறினேன்.

"ஜூன் தெரியாம அடிச்சதுய்யா. இத தெரிஞ்சு அடிக்கச் சொல்றீக" என்றார் அப்பா. "என் மெஷின்ல ஓடாது. சரியானத அடிச்சுத் தாரேன், வேணும்னா வாங்கிக்கோங்க. இல்லையா, பிளேட்டக் கழட்டி வச்சுட்டு லேபிள ஏத்துறேன்."

அதற்குப் பிறகு பார்ட்டி பேசியதை இங்கே எழுத முடியாது. அந்த ஆர்டரும் போனது, அவர் மூலமாக வரவிருந்த காலண்டர் ஆர்டரும் போனது. அவர் வேறு எங்கேயோ கொடுத்து, பால்பாண்டி அண்ணனின் புரூஃபில் தான் எடுத்துவைத்திருந்த ஜெராக்ஸை வைத்து, அந்தத் தப்பான சார்ட்டை அடித்து வாங்கிக்கொண்டார். தெற்கே எத்தனையோ வகுப்புச் சுவர்களில் பல வருஷம் அது தொங்கியது. எங்கள் சொந்தக்காரர்களுக்கு இந்தக் கதை மெல்லுகிற வாய்க்குக் கிடைத்த அவல். பொட்டப் புள்ள பேச்சைக் கேட்டு ஓடுற மெஷினை நிறுத்தினான், வந்த பார்ட்டியை விரட்டினான், புத்தி கெட்டவன் என்று கல்யாண வீடு, காதுகுத்து வீடு என்று எங்கே போனாலும் அப்பா காதுபடவே பேசினார்கள். அப்பா பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். வீட்டுக்கு வந்தால் மட்டும், "எங்க, அந்த மூணு குடும்பத்த வாசி பாப்போம்" என்பார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லமாட்டார், அது வேறு விஷயம். என் விரல் போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த ஒன்பது தப்புப் படங்களிலிருந்து நான் கற்றது அந்தச் சின்னப் புத்தகத்தில் இல்லை. டிமினிஷ்டு செவன்த்தில் எந்தச் சுரத்தை ஒரு கட்டை கீழே இறக்கினாலும் ஒரு சாதாரண செவன்த் கிடைக்கும், அந்த செவன்த் போய்ச் சேர ஒரு வீடு, அதாவது அது போய் அடங்குகிற ஒரு கார்டு, இருக்கும். நாலு சுரம், நாலு வீடு. மூன்று குடும்பத்துக்கும் சேர்த்துப் பன்னிரண்டு வீடு, ஒன்றுகூட விடுபடாது. அந்தத் திகில் கூட்டு நம்மை அந்தரத்தில் நிறுத்துகிறது என்று நினைத்தேனே, அது உண்மையில் நாலு வாசலுக்கும் நடுவில் நிறுத்துகிறது. எந்த வாசலுக்குப் போகப்போகிறது என்பதை வைத்துத்தான் இசைத்தாளில் அதற்குப் பெயரும் எழுதுகிற விதமும் மாறுகின்றன. பிற்பாடு மதுரையில் ஒருவர், பெயர் வேறென்றால் கார்டும் வேறுதான் என்று என்னிடம் பெரிய மனுஷத்தனமாக வாதாடினார், சிவகாசியில் இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்றும் கேட்டார். சரக்கு ஒன்று, போகிற ஊருக்குத் தகுந்த லேபிள், இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை ஐயா, நான் அந்த லேபிளுக்கு மேலேயே குடியிருந்தவள் என்றேன். சங்கீதத்தில் ஏமாற்று இருக்குமா என்று பால்பாண்டி அண்ணன் கேட்டதற்கும் அதுதான் பதில், பல பெயர் என்பது ஏமாற்று இல்லை, சேருமிடத்தின் அடையாளம். அவரிடம் சொல்லப் போனபோது அவர் வேலையை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போயிருந்தார்.

இப்போது மதுரையில் ஒலிப்பதிவுகளுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன், பிள்ளைகளுக்கும் சொல்லித்தருகிறேன். கார்டு சார்ட் அச்சடிக்கிற வேலையே ஒழிந்துபோயிற்று, எல்லாம் போனிலேயே வந்துவிட்டது. பழைய சார்ட் பார்த்துப் பழகியவர்கள் சிலர் இன்னமும் ஒரு புள்ளி தள்ளியே வாசிக்கிறார்கள், கேட்டதும் எந்தச் சுவரிலிருந்து வந்தவர்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். எங்கள் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. கீழே இப்போது யாரோ அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள், மாடியில் தரை ஆடுவதில்லை. அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது.

போன மாதம் விருதுநகரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே சித்தப்பா, அப்பாவின் தம்பி, பக்கத்தில் அவருடைய மகன் வயிற்றுப் பேத்தி. எத்தனை வருஷம் ஆனாலும் அந்தக் கதையை விடமாட்டார். இலையில் பாயசம் விழுந்ததும் என்னைக் காட்டி, "இந்தா இருக்காளே, இவ பேச்சக் கேட்டுத்தான் ஒங்க பெரிய தாத்தா ஓடுற மெஷின நிறுத்துனாரு. வெவரம் பத்தாத மனுசன்" என்று சிரித்தார். இத்தனை காலமும் அந்தக் கதையில் என்னைத் திட்டுவதாகத்தான் நினைத்து, ஆமாம் நான்தான் நிறுத்தினேன் என்று திமிராகவே இருந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அவர்கள் கேலி செய்வது என்னை அல்ல, அப்பாவை என்பது எனக்குப் புரிந்தது.

"நெசமாவா அத்தை?" என்று கேட்டாள் அந்தப் பிள்ளை.

"இல்ல தாயி" என்றேன், பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி. "நான் சொல்லத்தான் செஞ்சேன். எங்கப்பா தானாக் கேட்டு, தானாப் பாத்து, தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான், இது என் மெஷின்ல ஓடாதுன்னு சொன்னாக."